கடனை அடைத்துவிட்டுத்தான் தங்கையை அழைத்து வரவேண்டுமா?

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"மேடம், எனக்கு 22 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதுதான் முழு விஷயமும் தெரிந்தது. அப்பா காலில் அடிபட்டு ஆபரேஷன் ஆனபோது, அம்மா எங்கள் ஊர் பீடி ஏஜெண்டிடம் 20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். அந்தப் பணத்துக்காக என் தங்கையை ஏஜெண்ட் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அரையாண்டு லீவோடு பள்ளிக்கூடம் நின்றது. 13 மாதம் ஆகிறது. காலை 8 மணிக்குப் போனால் இரவு 8 மணிக்கு வருகிறாள். நாளுக்கு 80 ரூபாய் என்று பேச்சு. அதில் 40 ரூபாயைக் கடனுக்கு என்று பிடிக்கிறார்கள். ஆனால் கடன் குறையவே இல்லை, பிடித்ததெல்லாம் வட்டிக்குச் சரியாகிவிட்டதாம். போய்க் கேட்டேன். 'பதினாலு முடிஞ்சா வேலைக்கு வெச்சிக்கலாம்னு சட்டமே சொல்லுது. உன் தங்கச்சிக்குக் கார்த்திகையில பதினாலு முடிஞ்சிடுச்சி. கூட்டிட்டுப் போகணும்னா பணத்த வெச்சிட்டுப் போ. போலீசுக்குப் போனா உங்க அம்மாதான் உள்ள போவாங்க' என்றார். அம்மா வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த ஷெட்டில் இன்னும் ஐந்தாறு பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னிடம் 12,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மீதிக்குத் தவணை கேட்கலாமா? கூட வேலை செய்யும் நண்பன், குழந்தைத் தொழிலுக்கு எதிராக இந்தியா உலக ஒப்பந்தத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறது என்கிறான். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?"

தம்பி, முதலில் அந்த 12,000 ரூபாயை எடுத்த இடத்திலேயே வையுங்கள். ஒரு ரூபாய்கூட ஏஜெண்ட் கைக்குப் போகக் கூடாது. ஏன் என்று பொறுமையாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் முழுக்கத் தங்கையின் வயதையே சுற்றி வருகிறது. அது ஏஜெண்ட் இழுத்துவிட்ட வழி. பதின்மூன்றா பதினான்கா என்று உங்களைக் குழப்பிவிட்டால், அந்த 20,000 ரூபாயைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் அல்லவா? ஒரு வழக்கறிஞராக எனக்குத் தங்கையின் வயதைவிட அந்தக் கடன்தான் முதலில் கண்ணில் படுகிறது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கொத்தடிமை என்றவுடன் செங்கல் சூளையும் அரிசி ஆலையும்தான் நம் நினைவுக்கு வரும். காலில் சங்கிலி போட்டிருக்க வேண்டும் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். சட்டம் அதையெல்லாம் கேட்பதில்லை. ஒருவர் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதற்காக அவரோ, அவருடைய பிள்ளைகளோ, அவரைச் சார்ந்தவரோ வேலை செய்கிறார்கள். கூலி இல்லை, அல்லது பெயருக்கு ஒரு கூலி. அல்லது வேலையை விட்டுப் போக முடியவில்லை, வேறு இடத்தில் வேலை தேட முடியவில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். அம்மா வாங்கிய பணத்துக்கு மகள் உழைக்கிறாள், பணத்தை வைத்தால்தான் விடுவேன் என்கிறார் ஏஜெண்ட். உங்கள் தங்கையின் நிலைமையை வைத்தே எழுதிய மாதிரி இல்லையா?

பெயருக்கு ஒரு கூலி என்றால் எவ்வளவு? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று அரசு குறைந்தபட்சக் கூலி அறிவித்திருக்கிறது. அதற்குக் கீழே கொடுப்பது இந்தச் சட்டத்தின் கண்ணில் பெயரளவுக் கூலி. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே, டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் சொல்லிவிட்டது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 80 ரூபாய், கையில் கிடைப்பது 40 ரூபாய். இதற்கு மேல் நான் கணக்குப் போட வேண்டியதில்லை.

சரி, போட்டே பார்ப்போம். மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால், 13 மாதத்தில் 13,000 ரூபாய் பிடித்திருக்கிறார். 20,000 ரூபாய்க் கடனில் 13,000 போயும் அசல் அப்படியே நிற்கிறது என்றால், இந்தக் கடன் என்றைக்கும் அடையாது. அடையக் கூடாது என்பதற்காகவே கொடுக்கிற கடன் இது.

இந்தச் சட்டப்படி அந்தக் கடன் செத்துப்போன கடன். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு உங்கள் குடும்பத்துக்கு இல்லை. அதை வசூலிக்க அவர் நீதிமன்றத்துக்கும் போக முடியாது, கைநாட்டு வைத்த வெற்றுத்தாளில் என்ன எழுதிக்கொண்டாலும் சரி. இது கொத்தடிமைக் கடன் இல்லை, சாதாரணக் கைமாற்றுதான் என்று அவர் சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே. இன்னொன்றும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. செத்துப்போன அந்தக் கடனுக்காக அவர் பணம் வாங்கினால், வாங்குவதே தனிக் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. நீங்கள் 12,000 ரூபாயை நீட்டினால் அவரை இன்னொரு குற்றம் செய்ய அழைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கொடுக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்குச் சட்டத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நம் வேலூர் மாவட்டம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாக இருந்த காலத்தில், நான் ஜூனியராக இருந்தேன். ஒரு அம்மா சீனியரிடம் வந்தார். மகன் பீடி ஷெட்டில். வழக்கு வம்பு வேண்டாம், பேசித் தீர்த்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்ல, தாலியை அடகு வைத்துப் பணத்தைக் கட்டிப் பையனை அழைத்து வந்துவிட்டார்கள். கணக்கு முடிந்தது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட யாரும் வாங்கவில்லை. அடுத்த வருடம் அடகு வைத்த தாலியை மீட்கப் பணம் வேண்டியிருந்தது. அதே ஆளிடம் போனார்கள். அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தில் தம்பி உட்கார்ந்தான். பேசித் தீர்ப்பதில் தீர்ந்தது எதுவும் இல்லை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இப்போது வயது விவகாரத்துக்கு வருவோம். ஏஜெண்ட் பாதிச் சட்டம் படித்திருக்கிறார்.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. இப்போது அதற்குக் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் என்று பெயர். 14 வயது முடியாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. 14 முடிந்து 18 முடியாதவர்கள் வளரிளம் பருவத்தினர். சுரங்கம், தீப்பெட்டி பட்டாசு போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள் வேலைகள், தோல் பதனிடுவது மாதிரியான ஆபத்தான தொழில்கள் இவற்றில் அவர்களையும் வைக்கக் கூடாது. குடியாத்தத்தில் தீப்பெட்டியும், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரியும் இருக்கும் நம் பகுதிக்கு இது முக்கியமான வரி. மற்ற வேலைகளில் நிபந்தனைகளோடு வைக்கலாம். ஏஜெண்ட் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்.

வாதத்துக்காக அவர் சொல்வதையே ஒப்புக்கொள்வோம். அந்த நிபந்தனைகள் என்ன என்று அவர் படித்தாரா? தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மாலை 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலையே கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை. வேலை செய்யும் வளரிளம் பருவத்தினரின் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் எழுதிய பதிவேடு இருக்க வேண்டும். உங்கள் தங்கை இரவு 8 மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள் என்ற ஒரே விஷயத்திலேயே அவர் மாட்டிக்கொள்கிறார்.

கார்த்திகையில்தானே 14 முடிந்தது? அதற்கு முன்னால் 11 மாதம் அவள் அதே ஷெட்டில்தான் இருந்தாள். பதின்மூன்று வயதுக் குழந்தையை வேலைக்கு வைத்த குற்றம் அப்போதே முழுசாக நடந்து முடிந்தது. பிறந்தநாள் வந்தால் பழைய குற்றம் கரைந்துவிடாது. அதற்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம்.

அவர் அடுத்து எதைச் சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். "நான் அவளுக்குச் சித்தப்பா முறை. குடும்பத்துல கூடமாட ஒத்தாசை பண்ணுது, அதைச் சட்டம் அனுமதிக்குது." 2016 திருத்தத்தில் அப்படி ஒரு விலக்கு இருக்கத்தான் செய்கிறது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம். ஆனால் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள். அவ்வளவுதான். நம் ஊரில் ஒரே தெருவில் பத்து வருடம் குடியிருந்தால் மாமா, சித்தப்பா முறை தானாக வந்துவிடும். சட்டம் அந்த முறையை ஏற்காது. அதோடு, குடும்பத்துக்கு உதவியாகக்கூட 14 வயதுக்குட்பட்ட குழந்தை செய்யக் கூடாத வேலைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பீடி சுற்றுவது அதில் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் சொந்தக் கதை. எங்கள் வீட்டிலும் முறம் இருந்தது. அம்மா இலையை நறுக்கித் தூள் வைத்துச் சுற்றிப் போட, பள்ளி விட்டு வந்ததும் நானும் அக்காவும் முனை மடிப்போம். விரல் நுனி மஞ்சளாகிவிடும். எவ்வளவு கழுவினாலும் சோற்றில் தூள் வாசனை வரும். காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாளும் மடித்திருக்கிறேன், ஏனென்றால் மறுநாள் காலையில் கட்டு ஒப்படைத்தாக வேண்டும். என்னை யாரும் அடகு வைக்கவில்லை, அடிக்கவும் இல்லை. ஆனாலும் "பள்ளி நேரம் போக" என்கிற அந்தச் சட்ட வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பள்ளி நேரம் போக மீதி இருக்கும் நேரம் எதற்கு என்று எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பீடியை விலக்குக்கு வெளியே வைத்தார்களே, அதுவரைக்கும் சரி.

அம்மாவை நினைத்துப் பயப்படாதீர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடன் வாங்கியவரைத் தண்டிப்பதே இல்லை, அவரும் பாதிக்கப்பட்டவர்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் பெற்றோரின் முதல் தவறுக்குத் தண்டனை கிடையாது. இரண்டாவது முறை நடந்தால்தான் 10,000 ரூபாய் வரை அபராதம். "உங்க அம்மாதான் உள்ள போவாங்க" என்பது வெறும் மிரட்டல். வெள்ளைக்காரன் காலத்தில் வேண்டுமானால் அதில் ஓரளவு உண்மை இருந்தது. குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதற்கு எதிராக 1933இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது, அடகு வைக்கிற பெற்றோருக்கு 50 ரூபாய் வரை, வாங்குகிறவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். தொண்ணூறு வருடத்துக்கு முன்பே இதற்கென்று தனிச் சட்டம் போடும் அளவுக்கு இந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தச் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 200 ரூபாயை அன்றைய முதலாளிகள் இன்னொரு செலவாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நண்பன் சொன்ன உலக ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் குடியாத்தம் நீதிமன்றத்துக்குள் போக முடியாது. எப்படி உதவும் என்று சொல்கிறேன்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் தொடங்கியது. முதல் ஆண்டே, தொழிற்சாலைகளில் 14 வயதுக்குட்பட்டோர் வேலை செய்யக் கூடாது என்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தார்கள். அதிலேயே இந்தியாவுக்குத் தனி விதிவிலக்கு. இங்கே 12 வயது போதும், அதுவும் இயந்திர சக்தியில் ஓடும், பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகள், சுரங்கம், ரயில் போன்றவற்றில் மட்டும். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்யும் வேலை அன்றைக்கே கணக்கில் வரவில்லை. நமக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்கிற பாட்டு அங்கே ஆரம்பித்தது. 1992இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றபோதும், குழந்தை உழைப்பு பற்றிய 32ஆம் பிரிவை மட்டும் படிப்படியாகத்தான் நிறைவேற்றுவோம் என்று ஓர் அறிவிப்போடுதான் இந்தியா சேர்ந்தது.

இப்போது நடப்பில் இருக்கும் பெரிய உடன்படிக்கைகள் இரண்டு. 1973இல் வந்த 138ஆவது உடன்படிக்கை, வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பற்றியது. கட்டாயக் கல்வி முடியும் வயதுக்குக் குறைவாக அது இருக்கக் கூடாது, பொதுவாக 15, வளரும் நாடுகள் 14 என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியா 14 என்று வைத்துக்கொண்டது. 1999இல் வந்த 182ஆவது உடன்படிக்கை, குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களை உடனே ஒழிப்பது பற்றியது. இரண்டையும் இந்தியா 2017 ஜூன் 13 அன்று ஏற்றது. முதலாவதற்கு 44 வருடம், இரண்டாவதற்கு 18 வருடம் எடுத்துக்கொண்டது. 182ஐ இன்று அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் 187ம் ஏற்றுவிட்டன. கடைசியாக டோங்கா 2020 ஆகஸ்ட்டில் சேர்ந்தது. எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் தொழிலாளர் உடன்படிக்கை அதுதான்.

உங்களுக்கு வேண்டியது அந்த 182. அதில் குழந்தை என்றால் 18 வயது முடியாத யாரும். மிக மோசமான வடிவங்கள் என்று அது எழுதும்போது முதல் வரியிலேயே அடிமை முறையும், குழந்தை விற்பனையும், கடனுக்கு அடிமையாக வைப்பதும் வந்துவிடுகின்றன. கடனுக்கு அடிமை என்றால் 14 முடிந்ததா இல்லையா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. பதினேழரை வயதுப் பிள்ளையாக இருந்தாலும் அது மிக மோசமான வடிவம்தான். நம் நாட்டுச் சிறார் நீதிச் சட்டமும் இதே தடத்தில்தான் போகிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கென்று அடிமைப்படுத்தி வைத்தாலோ, அதன் சம்பாத்தியத்தைப் பிடித்து வைத்தாலோ 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். ஏஜெண்டின் பதினான்கு வயது வாதம் விழுவது இங்கேதான். மனுவில் இந்த உடன்படிக்கையை ஒரு வரி எழுதுங்கள். உள்நாட்டுச் சட்டத்துக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று சந்தேகம் வரும்போது நம் நீதிமன்றங்கள் நாடு ஏற்ற உடன்படிக்கைகளையும் பார்ப்பது வழக்கம். அவ்வளவு பலம் அதற்கு உண்டு, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

உலக அளவில் குழந்தை உழைப்பை 2025க்குள் முழுக்க ஒழிப்பது என்று ஐ.நா. இலக்கு வைத்திருந்தது. அந்த வருடம் ஜூனில் வந்த கணக்குப்படி இன்னும் 13.8 கோடிக் குழந்தைகள் வேலையில் இருக்கிறார்கள். கெடு தாண்டிப் போய்விட்டது.

ஒன்றை மட்டும் நம் ஊர் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஏற்றுமதி ஷூ கம்பெனிகளில் வெளிநாட்டு வியாபாரிகள் அனுப்பும் ஆடிட்டர்கள் வந்து வயதுச் சான்று கேட்பார்கள். ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகூட ஆதாரைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். அங்கே உலகத் தரம் வேலை செய்கிறது. பீடியோ பெரும்பாலும் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் விற்றுத் தீரும் சரக்கு. அதற்கு ஆடிட்டர் யாரும் வருவதில்லை. உங்கள் ஊர் ஷெட்டுக்கு ஆடிட்டர் நீங்கள்தான், வேறு ஆள் இல்லை.

என்ன செய்ய வேண்டும்? தங்கையை நாளைக்கே சத்தமில்லாமல் வீட்டில் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடி, தவறான நடத்தை என்று ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அழைத்து வந்துவிடுங்கள். அப்படி இல்லையென்றால், ஓரிரு நாளில் முடியும் வேலை என்பதால், முதலில் புகார் கொடுங்கள். அதிகாரிகள் ஷெட்டுக்கு வரும்போது அவள் அங்கே இருந்தால் மீட்பு என்று பதிவாகும். அந்த ஐந்தாறு பிள்ளைகளுக்கும் அதே நாளில் வழி பிறக்கும். நீங்கள் மட்டும் அழைத்து வந்துவிட்டால், மறுநாள் ஷெட் பூட்டிக் கிடக்கும், பிள்ளைகள் வேறு வீட்டு மாடியில் இருப்பார்கள்.

முதலில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேசுங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து மூலமான மனுவைக் குடியாத்தம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுங்கள். திங்கட்கிழமை என்றால் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவில் "குழந்தைத் தொழிலாளர்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். "கொத்தடிமைத் தொழிலாளர்" என்ற சொல், முன்பணம் 20,000, வாங்கிய மாதம், தினக்கூலி, பிடித்தம், வேலை நேரம், பணம் கொடுத்தால்தான் விடுவேன் என்று அவர் சொன்னது, இவ்வளவும் இருக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குழந்தைத் தொழிலாளர் என்று மட்டும் பதிவானால் ஏஜெண்ட் அபராதம் கட்டிவிட்டு நடையைக் கட்டலாம், கடன் உங்கள் தலையில் இருக்கும். கொத்தடிமை என்று விசாரணையில் தெரிந்தால் கோட்டாட்சியரோ கலெக்டரோ விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள். கடன் செத்துவிட்டது என்பதற்கு அரசு முத்திரையோடு உங்கள் கையில் இருக்கப் போகும் காகிதம் அதுதான். அது இல்லாமல் யார் எந்த வாக்குறுதி கொடுத்தாலும் தலையாட்டாதீர்கள்.

அந்தச் சான்றிதழோடு பணமும் உண்டு. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் மொத்த மறுவாழ்வுத் தொகை 2 லட்சம். ஆனால் அந்தப் பெரிய தொகை வழக்கில் கொத்தடிமை நிரூபணமான பிறகுதான் முழுதாக வரும், அதற்கு வருடக் கணக்கில் ஆகலாம். அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

மீட்ட பிறகு தங்கையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோவார்கள். விசாரணை முடியும்வரை சில நாள் குழந்தைகள் இல்லத்தில் தங்கவைக்கவும் வாய்ப்பு உண்டு. அம்மா அதைப் பார்த்துக் கலங்கிவிடுவார், தங்கையும் தன்னை ஜெயிலில் போட்டுவிட்டதாக நினைப்பாள். இரண்டு பேரிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். வழக்கறிஞருக்குச் செலவாகுமே என்று கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கும் பேசலாம்.

"புதுசா லேபர் சட்டம் வந்துடுச்சி, பழசெல்லாம் போச்சி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதிய தொகுப்புச் சட்டங்கள் பல பழைய சட்டங்களை விழுங்கியது உண்மை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தையும் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தையும் அவை தொடவில்லை.

அப்புறம் பள்ளிக்கூடம். 14 முடிந்துவிட்டது, இனி எட்டாவதில் சேர்க்க முடியாது என்று தலைமை ஆசிரியர் சொன்னால், கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைக் காட்டுங்கள். இடையில் நின்ற குழந்தைக்கு வயதுக்கேற்ற வகுப்பில் சேரவும், 14 தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசமாகப் படிக்கவும் உரிமை இருக்கிறது. டி.சி. தாமதமானால் அதற்காகச் சேர்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் தங்கைக்கு விண்ணப்பிக்கலாம், வகுப்புக்கு ஏற்றபடி ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி, மருத்துவம் பொறியியல் மாதிரிப் படிப்புக்கு 25,000 வரை. அட்டை இல்லையென்றால், வீட்டிலிருந்தே சுற்றுகிறவர்களுக்கும் அட்டை வாங்க உரிமை உண்டு. அம்மாவுக்கு யாருமே இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அட்டைக்கு வேண்டிய கணக்கு ஏஜெண்டின் நோட்டில் இருக்கிறது.

ஓசூருக்குத் திரும்பும் முன்னால் மூன்று வேலை. தங்கையின் பிறப்புச் சான்றிதழையும், எட்டாவது வரை படித்ததற்கான பள்ளிப் பதிவையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் எந்த நாளில் எவ்வளவு சுற்றினாள், என்ன கொடுத்தார்கள் என்று அவள் நினைவில் இருப்பதை ஒரு நோட்டில் அவள் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மனு கொடுக்கும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள், கைநாட்டு வைத்த அன்று யார் யார் இருந்தார்கள் என்று அவர்தான் சொல்ல முடியும். மனு கொடுத்த அன்று இரவே ஏஜெண்ட் சமாதானம் பேச ஆள் அனுப்பலாம். கதவைத் திறக்க வேண்டியதில்லை. சத்தம் போட்டால் அவசர உதவி எண் 112.

அந்த 12,000 அப்பாவின் காலுக்கு ஆகட்டும்.